கப்பல் விபத்துகளும் கடல் தூய்மைக்கேடும்: மும்பைத் துறைமுகத்தின் அனுபவம்

2010ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 7ஆம் நாள், சனிக்கிழமை. காலை ஒன்பதரை மணியளவில் மும்பைத் துறைமுகத்தின் நுழைவாயிலில், பிராங்ஸ் கலங்கரை விளக்கத்தை அடுத்த நீர்ப்பகுதியில், இரண்டு வணிகக் கப்பல்கள் மோதிக்கொண்டன. ஒன்று, நாவாசேவாவிலுள்ள ஜவஹர்லால் நேரு துறைமுகத்திலிருந்து சரக்குப் பெட்டகங்களை ஏற்றிக்கொண்டு வெளியேறிய ‘எம்.எஸ்.சி. சித்ரா’. மற்றொன்று, மும்பைத் துறைமுகத்தை நோக்கி உள்ளே வந்துகொண்டிருந்த ‘கலீஜியா-3’. இரண்டும் அயல்நாட்டுக் கொடி தாங்கியவை. புயல் இல்லை, இரவும் இல்லை. இருந்தும் மோதல் நிகழ்ந்தது.

சித்ராவில் 1,219 பெட்டகங்கள் இருந்தன. அவற்றுள் 31 பெட்டகங்களில் பூச்சிக்கொல்லி முதலான தீங்கு பயக்கும் பொருள்கள் இருந்தன. கப்பலின் சொந்த உபயோகத்திற்கென அதன் தொட்டிகளில் 2,662 டன் எரியெண்ணெயும் 283 டன் டீசலும் வைக்கப்பட்டிருந்தன. பக்கவாட்டில் பிளவுபட்ட கப்பல் சாய்ந்து தரைதட்டியது. மாலுமிகள் உயிருடன் மீட்கப்பட்டனர். ஆனால் நூற்றுக்கணக்கான பெட்டகங்கள் சரிந்து கடலில் விழுந்தன. எண்ணெய் இரண்டு நாட்களுக்கு மேல் கசிந்தது. கசிந்த அளவு ஏறத்தாழ 800 டன் என்பது அந்நாட்களில் பரவலாகக் கூறப்பட்ட மதிப்பீடு.

விழுந்த பெட்டகங்களில் சில மிதந்தன, சில மூழ்கின. எங்கே எது கிடக்கிறது என்று தெரியாத நிலையில் பெருங்கப்பல்கள் அவ்வழியே செல்ல இயலாது. எனவே மும்பை, ஜவஹர்லால் நேரு ஆகிய இரு துறைமுகங்களுக்கும் பொதுவான கப்பல் வழி சில நாட்கள் மூடப்பட்டது. நாட்டின் பெட்டகப் போக்குவரத்தில் பாதிக்கும் மேற்பட்டது அக்காலத்தில் நாவாசேவா வழியாகவே நடைபெற்றது என்பதை எண்ணிப் பார்த்தால், ஒரு கப்பலின் வயிற்றில் விழுந்த பிளவு எத்தனை தொழிற்சாலைகளைத் தொட்டிருக்கும் என்பது விளங்கும்.

துறைமுகத்தின் இழப்பைக் கணக்கிடுவது எளிது. எத்தனை கப்பல்கள் காத்திருந்தன, எத்தனை நாள், நாளொன்றுக்கு என்ன கட்டணம் என்பதற்கெல்லாம் பதிவேடு உண்டு. கழிமுகத்தில் கையால் நண்டும் சிப்பியும் பொறுக்கி வாழ்பவரின் இழப்புக்கு அத்தகைய பதிவேடு இல்லை. கப்பல் விபத்தால் எழும் தூய்மைக்கேட்டிற்கு இழப்பீடு வழங்கும் முறையின் வலிமையும் வலிமையின்மையும் இவ்விரு நிலைகளுக்கும் இடையிலுள்ள தொலைவில்தான் புலப்படுகின்றன.

கரைக்கு வந்த எண்ணெய்

விபத்து நேர்ந்தது தென்மேற்குப் பருவக்காற்றின் காலம். காற்று கடலிலிருந்து கரை நோக்கி வீசுகிறது. மேலும் மூன்று நாட்களில் ஆடி அமாவாசை. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் மும்பைக் கரையில் ஏற்ற நீர் மிக உயர்ந்து, மற்ற நாட்களில் கடல் எட்டாத சேற்று நிலங்களையும் நனைத்துச் செல்லும். நீரின்மேல் படர்ந்த எண்ணெயையும் அது உடன் கொண்டு சென்றது. அலிபாக், உரண், எலிஃபண்டா, வாஷி எனப் பல இடங்களில் அலையாத்திக் காடுகளின் அடிமரங்களில் கருநிறப் படலம் ஏறிற்று.

கப்பல் எந்திரங்கள் எரிக்கும் கனத்த எண்ணெய், டீசலைப் போல் விரைவில் ஆவியாகிவிடுவதன்று. அது கூழாகி ஒட்டிக்கொள்ளும். மணற்கரையில் ஒதுங்கினால் வாரி எடுக்கலாம். பாறையில் படிந்தால் அலை நாளடைவில் கழுவும். அலையாத்திக் காட்டில் படிந்தாலோ இரண்டும் நடவா. அம்மரங்கள் சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சுவேர்களின் நுண்துளைகள் வழியே காற்றைப் பெறுகின்றன. எண்ணெய் அத்துளைகளை அடைத்துவிடுகிறது. மரம் உடனே பட்டுவிடாது. சில வாரங்களோ சில மாதங்களோ கழித்து இலை உதிர்க்கும். துப்புரவு செய்யப் பலர் சேற்றில் இறங்கினால் அவர்கள் காலடியில் எண்ணெய் இன்னும் ஆழமாகப் புதையும். எனவே அலையாத்திக் காட்டைப் பொறுத்தவரை எண்ணெயை அங்கு வரவிடாமல் மிதவைத் தடுப்புகளால் நிறுத்துவதே முதன்மையான மருத்துவம். எண்ணெயைக் கரைத்துச் சிதறடிக்கும் மருந்துகளைத் தெளிக்கும் முறையும் உண்டு. ஆழ்கடலில் அது பயன் தரும். ஆழம் குறைந்த விரிகுடாவில் அது எண்ணெயைக் கண்ணுக்கு மறைத்து, மீன் குஞ்சுகளும் இறால்களும் வாழும் அடிநீருக்கு அனுப்பிவிடும். மேற்பரப்பு தூய்மையாகத் தோன்றுவதை மட்டும் கண்டு ஒரு நடவடிக்கையின் வெற்றியை அளப்பது பிழையாகும்.

மீன்பிடிப்போரைப் பொறுத்தவரை விபத்து நேர்ந்த வேளை மிகக் கொடியது. மழைக்காலத்தில் விசைப்படகுகளுக்கு விதிக்கப்படும் மீன்பிடித் தடை ஆகஸ்டு நடுவில் முடிவுறவிருந்தது. கோலி மக்கள் கடலுக்குத் தேங்காய் படைத்துப் புதிய பருவத்தைத் தொடங்கும் நாரளி பூர்ணிமா அவ்வாண்டு ஆகஸ்டு 24ஆம் நாள் வந்தது. இரண்டு மாதம் வருவாயின்றிக் கடன்பட்டு, வலையையும் படகையும் செப்பனிட்டுக் காத்திருந்தோரின் எதிரே கடலில் எண்ணெயும் பெட்டகங்களும் மிதந்தன. பெட்டகத்தில் மோதினால் படகு உடையும். எண்ணெயில் தோய்ந்தால் வலை வீணாகும். மீனை உண்ணலாமா என்னும் ஐயம் நகரெங்கும் பரவிற்று. இந்த ஐயம் தூய்மைக்கேட்டின் ஒரு தனி விளைவு. எண்ணெய் படாத கடலில் பிடித்த மீனுக்கும் விலை கிடையாது. சசூன் தக்காவிலும் பாவுச்சா தக்காவிலும் விடியுமுன் மீன் எடுத்து, தாராவியிலும் மாதுங்கா லேபர் கேம்ப்பிலும் செம்பூரிலும் தெருத் தெருவாகக் கூடையில் விற்கும் பெண்களுக்கு எண்ணெய் கரையில் எங்கே ஒதுங்கிற்று என்பது பொருட்டன்று. வாங்குவோர் தயங்கினால் அன்றைய முதல் போயிற்று.

ஒரே விரிகுடா, இரு வேறு நிலைகள்

செம்பூரின் தென்கிழக்கே மாஹுல், டிராம்பே பகுதிகளில் 1954, 1955ஆம் ஆண்டுகளில் தொடங்கப்பட்ட இரு பெரும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் உள்ளன. பீர்பாவ் துறைமேடையும், விரிகுடாவின் நடுவேயுள்ள ஜவஹர் தீவின் எண்ணெய் இறங்குதுறையும் அவற்றை ஒட்டியே வளர்ந்தவை. எண்ணெயைச் சரக்காக ஏற்றி வரும் கப்பல்கள் அங்கே அணைகின்றன. அதே நீர்வழியில் நுழைந்து எதிர்க்கரையிலுள்ள நாவாசேவாவுக்குப் பெட்டகக் கப்பல்கள் செல்கின்றன.

இவ்விரு வகைக் கப்பல்களில் எதிலிருந்து எண்ணெய் கசிந்தாலும் அது சென்று படியும் சேறு ஒன்றே. பட்டுப்போகும் மரம் ஒன்றே. வலையை இழப்பவரும் ஒருவரே. ஆனால் 2010இல் சட்டம் அவ்விரண்டையும் ஒன்றாகக் கருதவில்லை. எண்ணெய்க் கப்பலாயின் ஒரு வழி. பெட்டகக் கப்பலாயின் வேறு வழி. இதன் காரணம் வரலாற்றில் உள்ளது.

1967 மார்ச் 18ஆம் நாள் ‘டோரி கேனியன்’ என்னும் எண்ணெய்க் கப்பல் இங்கிலாந்தின் தென்மேற்கு முனையருகே பாறையில் மோதி உடைந்தது. ஒரு லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கச்சா எண்ணெய் இங்கிலாந்து, பிரான்சு ஆகிய இரு நாடுகளின் கரைகளையும் கெடுத்தது. கப்பல் ஒரு நாட்டுக் கொடியின்கீழ், உரிமையாளர் வேறு நாட்டில், வாடகைக்கு எடுத்தவர் இன்னொரு நாட்டில். யார்மீது, எந்த நீதிமன்றத்தில் வழக்குத் தொடுப்பது என்பதே புதிராயிற்று. அதன் விளைவாக 1969இல் பிரஸ்ஸல்ஸ் நகரில், எண்ணெய்த் தூய்மைக்கேட்டுச் சேதத்திற்கான உரிமையியல் பொறுப்பு உடன்படிக்கை உருவாயிற்று. 1971இல் இழப்பீட்டு நிதியம் ஒன்றைத் தோற்றுவிக்கும் உடன்படிக்கையும் உருவாயிற்று. இரண்டும் 1992இல் திருத்தி அமைக்கப்பட்டன. திருத்தப்பட்ட இரண்டிலும் இந்தியா உறுப்பு நாடு.

இவற்றின் அடிப்படை எளியது. எண்ணெய்க் கப்பலிலிருந்து எண்ணெய் கசிந்து சேதம் விளைந்தால், உரிமையாளர் கவனக்குறைவாக இருந்தார் என்று பாதிக்கப்பட்டவர் நிறுவ வேண்டியதில்லை. சேதம் விளைந்ததையும் அதன் அளவையும் காட்டினால் போதும். போர், மாபெரும் இயற்கைச் சீற்றம் போன்ற சில விலக்குகள் மட்டுமே உரிமையாளருக்கு உண்டு. 2,000 டன்னுக்கு மேல் எண்ணெயைச் சரக்காக ஏற்றும் கப்பல் கட்டாயமாகக் காப்பீடு பெற்றிருக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் அந்தக் காப்பீட்டாளர்மீதே நேரடியாக வழக்குத் தொடுக்கலாம். இதற்கு ஈடாக உரிமையாளரின் பொறுப்புக்கு ஓர் உச்சவரம்பு விதிக்கப்பட்டது. கப்பலின் டன் அளவைப் பொறுத்து அது 45.1 லட்சம் அலகு முதல் 8 கோடியே 97.7 லட்சம் அலகு வரை அமையும். இங்கு அலகு என்பது சர்வதேச நாணய நிதியத்தின் சிறப்பு எடுப்புரிமை. அதன் மதிப்பு ஓர் அமெரிக்க டாலரைவிடச் சற்று மிகுதி. உரிமையாளர் தரும் தொகை போதாதபோது நிதியம் முன்வரும். இரண்டும் சேர்ந்து ஒரு விபத்திற்கு 20 கோடியே 30 லட்சம் அலகு வரை கிடைக்கும்.

நிதியத்திற்குப் பணம் தருவது அரசுகள் அல்ல. கடல்வழியே ஆண்டொன்றுக்கு 1,50,000 டன்னுக்கு மேல் கச்சா எண்ணெயும் கனத்த எரியெண்ணெயும் பெறும் நிறுவனங்களே அதற்குச் சந்தா செலுத்துகின்றன. பெருமளவு எண்ணெயை இறக்குமதி செய்வதால் இந்திய நிறுவனங்கள் அந்நிதியத்திற்கு மிகுதியாகச் செலுத்துவோர் வரிசையில் முன்னணியில் உள்ளன. அச்செலவு கடைசியில் பெட்ரோல் வாங்குவோர் தலையில்தான் விழுகிறது என்பது தனிக்கதை.

இத்தனை ஏற்பாடும் எண்ணெய்க் கப்பலுக்கே. சித்ரா எண்ணெய்க் கப்பலன்று. அதன் எண்ணெய் சரக்கன்று, அது எரிபொருள். எனவே 1992ஆம் ஆண்டு உடன்படிக்கையோ நிதியமோ அதற்குப் பொருந்தவில்லை. 2,000 டன் எண்ணெய்ச் சரக்கு ஏற்றிய கப்பல் கட்டாயக் காப்பீடு பெற வேண்டும் என விதித்த ஏற்பாட்டிற்கு, 2,662 டன் எரியெண்ணெயைத் தன் தொட்டிகளில் சுமந்த சித்ரா வெளியே நின்றது.

இக்குறையை உலகம் அறியாமல் இல்லை. கப்பல் எரிபொருளால் விளையும் தூய்மைக்கேட்டிற்கென 2001இல் தனி உடன்படிக்கை எழுதப்பட்டு, 2008 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. சித்ரா விபத்தின்போது இந்தியா அதில் சேர்ந்திருக்கவில்லை. சேர்வதற்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது 2015இல். 1958ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டத்திற்குப் பதிலாக நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றிய புதிய சட்டத்தில் எரிபொருள் தூய்மைக்கேட்டுப் பொறுப்பும் இடம்பெற்றது. பெட்டகங்களிலிருந்த பூச்சிக்கொல்லியின் நிலை இன்னும் மோசம். தீங்கு பயக்கும் சரக்குகளுக்கென 1996இல் எழுதி 2010இல் திருத்திய உடன்படிக்கை அப்போது உலகில் எங்குமே நடைமுறையில் இல்லை.

எஞ்சியது பொதுச் சட்டமே. துப்புரவுச் செலவை அரசு கப்பல் உரிமையாளரிடமிருந்து பெற வணிகக் கப்பல் சட்டத்தில் வழியிருந்தது. மீனவர் தாமாக வழக்காடுவதாயின், கவனக்குறைவையும் சேதத்தையும் அவ்விரண்டுக்குமுள்ள தொடர்பையும் நிறுவ வேண்டிய பாரம் அவர்மீதே விழுந்தது. மோதிய கப்பல்கள் இரண்டு. குற்றம் எதனது, எந்த அளவு என்பதை மாலுமிகளே ஒப்புக்கொள்ளாதபோது கரையிலிருப்பவர் எங்ஙனம் நிறுவுவது?

எரிபொருள் உடன்படிக்கை இந்தப் பாரத்தை நீக்குகிறது. 1,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களுக்குக் காப்பீட்டையும் கட்டாயமாக்குகிறது. ஆயினும் அதில் ஒரு பலவீனம் உண்டு. எண்ணெய்க் கப்பலுக்கு இருப்பதுபோல் தனித் தொகை அதில் ஒதுக்கப்படவில்லை. கப்பல் உரிமையாளரின் எல்லாக் கடன்களுக்கும் பொதுவாக உள்ள வரம்புத் தொகையிலேயே தூய்மைக்கேட்டு இழப்பீடும் அடங்கும். சரக்கை இழந்த வணிகர், சேதமுற்ற மற்றொரு கப்பலின் உரிமையாளர், துறைமுகம், மீனவர் அனைவரும் ஒரே பானையில் கை விடுகின்றனர். பானைக்குப் பின்னால் நிதியமும் இல்லை.

எது சேதம், எது சான்று

இழப்பீடு வழங்கும் அமைப்புகள் எதையெல்லாம் சேதமாக ஏற்கின்றன என்பதை மாவட்ட நிர்வாகத்தினரும் மீன்துறை அலுவலரும் அறிந்திருத்தல் வேண்டும். துப்புரவுக்கான நியாயமான செலவு, எண்ணெய் பட்ட படகு, வலை முதலியவற்றின் விலை, அவற்றை இழந்ததனால் போன வருவாய் ஆகியவை தயக்கமின்றி ஏற்கப்படுகின்றன. தம் உடைமை எதுவும் நனையாமலே வருவாய் இழந்தோரும் கோரலாம். ஆனால் அவர்களது தொழில் கெட்டுப்போன கடற்பகுதியோடு நெருங்கிய தொடர்புடையது எனக் காட்ட வேண்டும். படகு வைத்திருப்பவருக்கு இது கூடும். தாராவியில் கூடை சுமப்பவருக்கு அரிது. விடியலில் ஏலம் எடுத்ததற்கும் மாலையில் விற்றதற்கும் அவரிடம் துண்டுச் சீட்டுக்கூட இருப்பதில்லை.

சுற்றுச்சூழல் சேதத்தைப் பொறுத்தவரை விதி கடுமையானது. அழிந்த காட்டின் மதிப்பு இத்தனை கோடி என ஏட்டுக் கணக்கின்படி கோரும் தொகையை நிதியம் ஏற்பதில்லை. அக்காட்டை மீண்டும் வளர்க்க உண்மையில் செய்த, அல்லது செய்யவுள்ள பணிகளின் நியாயமான செலவையே அது தரும். இதில் ஒரு நியாயமும் உண்டு, ஓர் அநியாயமும் உண்டு. கற்பனைக் கணக்குகளுக்கு இடமில்லை என்பது நியாயம். மீண்டும் வளர்க்க இயலாதது எதுவோ அதற்கு விலையே இல்லை என்றாகிவிடுவது அநியாயம்.

மீனவரிடம் எழுத்துச் சான்று இல்லாததனாலேயே கோரிக்கை தள்ளப்படும் என்பதில்லை. அன்றாடப் பிழைப்புக்காக மீன் பிடிப்போரின் கோரிக்கைகளை மதிப்பிடத் தனி வழிகாட்டுதல்களை நிதியம் வகுத்துள்ளது. இறங்குதுறைப் பதிவுகள், கூட்டுறவுச் சங்கக் கணக்குகள், அருகிலுள்ள ஊர்களின் பிடி அளவு, களஆய்வு ஆகியவற்றைக்கொண்டு உய்த்துணர முடியும். ஆனால் அந்தச் சங்கக் கணக்கும் இறங்குதுறைப் பதிவும் விபத்துக்கு முந்திய ஆண்டுகளிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். மாஹிம் கழிமுகத்தை ஒட்டிய தாராவி கோலிவாடாவையோ மாஹுல் கோலிவாடாவையோ எடுத்துக்கொள்வோம். இங்கெல்லாம் கழிவுநீரும் ஆலைக்கழிவும் பல பத்தாண்டுகளாக மீன்வளத்தைக் குறைத்து வந்துள்ளன. கப்பல் எண்ணெய் வந்து சேர்ந்தால், ‘இங்கே முன்பே மீன் இல்லையே’ என்பதுதான் காப்பீட்டாளரின் வழக்கறிஞர் எழுப்பும் முதல் வாதமாக இருக்கும். முன்னிலை இன்னது எனக் காட்டும் நீர், சேறு, மீன்பிடி அளவுகள் ஆண்டுதோறும் பதிவாகியிருந்தாலன்றி அவ்வாதத்திற்கு விடை இல்லை.

தீர்ப்பாயத்தின் வழி

சித்ரா மோதிய ஓராண்டுக்குள் மும்பைக் கரை மேலும் பல விபத்துகளைக் கண்டது. 2011 ஜூனில் ‘விஸ்டம்’ என்னும் கப்பலும், ஜூலை 31இல் மாலுமிகளால் கைவிடப்பட்ட ‘பவித்’ என்னும் எண்ணெய்க் கப்பலும் ஜூஹு கடற்கரையில் வந்து ஒதுங்கின. கைவிட்ட கப்பலொன்று யார் கண்ணிலும் படாமல் பெருநகரின் கரைக்கே மிதந்து வர முடிந்தது என்பது தூய்மைக்கேட்டினும் பெரிய கவலையை எழுப்பிற்று. ஆகஸ்டு 4ஆம் நாள், இந்தோனேசியாவிலிருந்து குஜராத்தின் தஹேஜுக்கு 60,000 டன் நிலக்கரியுடன் சென்ற ‘ராக் கேரியர்’ மும்பையிலிருந்து சுமார் 20 கடல்மைல் தொலைவில் மூழ்கியது. அதன் தொட்டிகளிலிருந்து கசிந்த எண்ணெய் கரையை அடைந்தது.

சித்ரா விபத்து நடந்தபோது தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் செயல்படத் தொடங்கவில்லை. அதற்கான சட்டம் நடைமுறைக்கு வந்தது 2010 அக்டோபரில். ராக் கேரியர் வழக்கு அத்தீர்ப்பாயத்தின் முன் சென்றது. 2016 ஆகஸ்டு 23ஆம் நாள் வெளியான தீர்ப்பில், கப்பலோடு தொடர்புடைய கத்தார் நாட்டு நிறுவனங்கள் 100 கோடி ரூபாயும், நிலக்கரியின் உரிமை நிறுவனம் 5 கோடி ரூபாயும் சுற்றுச்சூழல் இழப்பீடாகச் செலுத்த வேண்டும் எனத் தீர்ப்பாயம் ஆணையிட்டது. மாசுபடுத்துவோரே செலவை ஏற்க வேண்டும் என்னும் கொள்கையே இதற்கு அடிப்படை. தமிழ்நாட்டின் தோல் பதனிடும் ஆலைகளைப் பற்றிய வேலூர் வழக்கில் 1996இல் உச்சநீதிமன்றம் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்ற கொள்கை அது. பாலாற்றங்கரையின் தோல் கழிவுக்காகப் பிறந்த தீர்ப்பு, அரபிக் கடலில் மூழ்கிய கப்பல் வரை பயன்பட்டது கருதற்குரியது. சரக்கின் உரிமையாளரையும் பொறுப்பாளராக்கியது இத்தீர்ப்பின் புதுமை. கப்பல் உரிமையாளரோடு பொறுப்பு நின்றுவிடும் சர்வதேச முறையிலிருந்து இது விலகிச் செல்கிறது.

இங்கு ஒரு வேறுபாட்டை மாணவர் நினைவிற்கொள்ள வேண்டும். சர்வதேச உடன்படிக்கை வழியே கிடைக்கும் தொகை வரம்புக்குட்பட்டது; ஆனால் காப்பீடு பின்நிற்பதால் கைக்கு வரும் வாய்ப்பு மிகுதி. உள்நாட்டுத் தீர்ப்பாயம் விதிக்கும் தொகைக்கு அவ்வரம்பு கிடையாது. ஆனால் உரிமையாளர் அயல்நாட்டில் இருக்க, ஒரே கப்பலை உடைய நிறுவனத்தின் அக்கப்பலும் கடலடியில் கிடக்க, தொகையைத் தண்டுவது எளிதன்று. இலங்கையும் இத்தகைய இடைவெளியைக் கண்டது. 2021இல் கொழும்புக்கு அப்பால் தீப்பிடித்து மூழ்கிய ‘எக்ஸ்-பிரஸ் பேர்ல்’ கப்பலுக்காக இலண்டன் நீதிமன்றம் வரையறுத்த பொறுப்புத் தொகை 2 கோடி பவுண்டுக்கும் குறைவு. இலங்கை உச்சநீதிமன்றம் 2025 ஜூலையில் விதித்த இழப்பீடோ 100 கோடி அமெரிக்க டாலர்.

கைக்கு எட்டும் பிணையைத் தேடும் வழி, கப்பலைச் சிறைப்படுத்துவது. 2017ஆம் ஆண்டின் கடற்படுநீதிச் சட்டம் கரையோர மாநில உயர்நீதிமன்றங்களுக்கு இவ்வதிகாரத்தைத் தெளிவாக்கிற்று. 2025 மே 25ஆம் நாள் கேரளக் கரைக்கு அப்பால் சுமார் 640 பெட்டகங்களுடன் ‘எம்.எஸ்.சி. எல்சா-3’ மூழ்கியபோது, கேரள அரசு 9,531 கோடி ரூபாய் கோரி உயர்நீதிமன்றத்தை நாடியது. விழிஞ்சம் துறைமுகத்திலிருந்த தொடர்புடைய மற்றொரு கப்பலைச் சிறைப்படுத்த ஆணை பெற்றது. நீதிமன்றம் செப்டம்பரில் 1,227.62 கோடி ரூபாயைப் பிணைத்தொகையாக வரையறுத்தது. 2010இல் மும்பையில் விழுந்தவை போலவே இங்கும் பெட்டகங்கள். இம்முறை எண்ணெயோடு பிளாஸ்டிக் குருணைகளும் தமிழகத்தின் தென்கரை வரை ஒதுங்கின.

விபத்தைத் தவிர்த்தல்

இழப்பீடு எத்துணைச் செம்மையாக அமைந்தாலும் அது காலம் தாழ்ந்தே வரும். ஆகவே தடுப்பு முறைகள் முதன்மையானவை. குறுகிய நீர்வழியில் ஒவ்வொரு கப்பலும் தன் வலப்புற ஓரத்தை ஒட்டிச் செல்லல் வேண்டும் என்பது 1972ஆம் ஆண்டின் மோதல் தவிர்ப்பு விதிகளில் உள்ளதே. துறைமுகக் கட்டுப்பாட்டு நிலையம் ராடார் வழியே கப்பல்களைக் கண்காணித்து வானொலியில் எச்சரிக்கிறது. ஆனால் நிலையம் அறிவுறுத்தலாம்; சுக்கானைப் பிடிப்பவர் கப்பலில்தான் இருக்கிறார். அவர் வானொலியைக் கேட்கவில்லை என்றாலோ, கேட்ட மொழி புரியவில்லை என்றாலோ, ராடார் திரை வெறும் சாட்சியாகிவிடும்.

கப்பலின் கட்டமைப்பும் முக்கியமானது. 1989இல் அலாஸ்காவில் நேர்ந்த ‘எக்ஸான் வால்டெஸ்’ விபத்துக்குப் பின், எண்ணெய்க் கப்பல்கள் இரட்டை அடிச்சுவர் உடையனவாக இருக்க வேண்டும் என்ற விதி படிப்படியாக வந்தது. மற்றக் கப்பல்களின் எரிபொருள் தொட்டிகளுக்கு அத்தகைய பாதுகாப்பு வெகுகாலம் கட்டாயமாக்கப்படவில்லை. 600 கனமீட்டருக்கு மேல் எரிபொருள் கொள்ளும் புதிய கப்பல்களில் தொட்டிகள் வெளிச்சுவரிலிருந்து விலகி அமைய வேண்டும் என்னும் சர்வதேச விதி, 2010 ஆகஸ்டு 1ஆம் நாளும் அதற்குப் பின்னும் கட்டி ஒப்படைக்கப்பட்ட கப்பல்களுக்கு உரியது. மும்பை மோதல் நிகழ்ந்தது அதற்கு ஆறு நாள் கழித்து. வெகுமுன்பே கட்டப்பட்ட சித்ராவுக்கு அது பொருந்தவில்லை. காப்பீடற்ற பழங்கப்பல்கள் இந்தியத் துறைமுகங்களில் நுழைவதைத் தடுக்கும் விதிகளை 2012இல் அரசு வகுத்தது.

கசிவு நேர்ந்தபின் யார் என்ன செய்வது என்பதை 1996இல் நடைமுறைக்கு வந்த தேசிய எண்ணெய்க் கசிவுத் திட்டம் பகுத்துரைக்கிறது. கடற்பரப்பில் கடலோரக் காவல்படை, துறைமுக எல்லைக்குள் துறைமுக நிர்வாகம், கரையில் மாநில அரசு என்பது பொது ஏற்பாடு. 700 டன் வரையிலான கசிவைத் துறைமுகமே சமாளிக்கும் ஆற்றல் பெற்றிருக்க வேண்டும். தூய்மைக்கேட்டைக் கட்டுப்படுத்துவதற்கென்றே கட்டப்பட்ட காவல்படைக் கப்பல் ‘சமுத்திர பிரஹரி’ மும்பையில் பணியில் சேர்க்கப்பட்டது 2010 அக்டோபர் 9ஆம் நாள். சித்ரா விபத்துக்கு இரண்டு மாதம் பின்னர். கடலில் நிலை இவ்வாறு மேம்பட்ட பிறகும் கரையில் அது மேம்படவில்லை என்பதை 2017 ஜனவரி 28ஆம் நாள் எண்ணூரில் இரு கப்பல்கள் மோதியபோது நாடே கண்டது. எர்ணாவூர்க் கரையில் ஒதுங்கிய கூழெண்ணெயை இளைஞர்களும் தொண்டர்களும் வாளிகளால் அள்ளிக் கைமாற்றினர். மாநில அரசின் பங்கான கரைத் துப்புரவுக்குப் பயிற்சி பெற்ற ஆட்களும் கருவிகளும் எந்தத் துறையின் செலவுத் திட்டத்தில் இடம்பெற வேண்டும் என்பதை முன்கூட்டித் தீர்மானிக்காததன் விளைவு அது.

கரைத் துப்புரவுக்கு இறங்குவோர் முதல் நாள் முதலே ஆள் எண்ணிக்கை, வேலை நேரம், எரிபொருள், அகற்றிய கழிவின் எடை ஆகியவற்றைக் குறித்து வைப்பதும் பணியின் ஒரு பகுதியே. படம் எடுத்த இடமும் நாளும் எழுதப்பட வேண்டும். எண்ணெயின் மாதிரியை முத்திரையிட்டு வைத்தால், அது எக்கப்பலின் எண்ணெய் என்பதை ஆய்வகம் ஒப்பிட்டுக் கூற முடியும். கழிமுகங்களில் வேறு வழிகளிலும் எண்ணெய் கலக்கும் மும்பை போன்ற இடத்தில் இவ்வொப்பீடு இன்றியமையாதது. 1992ஆம் ஆண்டு உடன்படிக்கைகளின்படி, சேதம் விளைந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் உரிமை கோர வேண்டும். சேதம் பின்னரே வெளிப்பட்டாலும், விபத்து நாளிலிருந்து ஆறு ஆண்டுக்கு மேல் வழக்குக்கு இடமில்லை. எரிபொருள் உடன்படிக்கையும் இதே காலவரம்பையே விதிக்கிறது.